ஆளைக் கொணர்க

பொம்மனஹள்ளியில் குடியேறிய தமிழர்களுக்குச் சிறைச்சாலை என்பது கதைகளில் மட்டும் வரும் இடமன்று. ஓசூர்ச் சாலையில் தெற்கு நோக்கிச் சென்று, ஹொச ரோடு சந்திப்பில் இடப்புறம் திரும்பினால் பரப்பன அக்ரஹாரம் வந்துவிடுகிறது. நகரின் நடுவே சேஷாத்திரி சாலையில் இருந்த பழைய மத்தியச் சிறை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இடம் பெயர்ந்தது. அன்று தொட்டு, கிருஷ்ணகிரி, தருமபுரிப் பேருந்துகளில் வந்திறங்கி, கையில் ஒரு துணிப்பையுடன் "ஜெயிலுக்கு எந்த பஸ்ஸுங்க?" என்று வழி கேட்கும் தாய்மாரையும் மனைவிமாரையும் எங்கள் சாலையோரக் கடைக்காரர்கள் நன்கறிவார்கள். 2014 செப்டம்பரில் தமிழ்நாட்டு முதலமைச்சரே அங்கு அடைபட்டபோது ஊடகங்கள் யாவும் அங்கே கூடாரமடித்தன. மூன்று வாரத்தில் அவர் சென்னை திரும்பியதும் கூடாரங்களும் பிரிக்கப்பட்டன. துணிப்பைக்காரர்கள் மட்டும் இன்றும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

அடியேன் வழக்கறிஞன் அல்லன். இந்நகர வழக்கறிஞர் அலுவலகங்களில் நாற்பதாண்டுக் காலம் தட்டெழுத்தனாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். ஆயிரக் கணக்கான மனுக்கள் என் விரல்களின் வழியே சென்றிருக்கின்றன. பாகப் பிரிவினையும் வாடகைத் தகராறும் தட்டும்போது விரல்கள் தம் போக்கில் ஓடும். மனம் வேறெங்கோ இருக்கும். ஆட்கொணர்வு மனு ஒன்று மட்டும் அவ்வாறு தட்ட இயலாத ஒன்று. அதைப் பற்றி நம்மவர் குடும்பங்கள் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம் என்னும் எண்ணத்தால் இதனை எழுதலானேன்.

'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்னும் லத்தீன் தொடருக்கு உடலைக் கொண்டு வா என்பது பொருள். ஒருவனை எவரேனும் பிடித்து வைத்திருந்தால், நீதிமன்றம் பிடித்து வைத்தவரை நோக்கி, அவனை எம்முன் நிறுத்துக, எந்தச் சட்டத்தால் பிடித்தாய் என்று காரணம் கூறுக என ஆணையிடும். காரணம் செல்லாதெனில் அவன் அங்கேயே விடுதலை. தமிழில் இதற்கு ஆட்கொணர்வு என்று பெயர் வைத்தவர் யாரென்று அறியேன். எவராயினும் நன்றாகவே வைத்தார். உடல் என்னாமல் ஆள் என்றாரே, அதிலேயே ஒரு பரிவு இருக்கிறது.

இச்சொல்லைத் தட்டும்போதெல்லாம் எனக்குக் கோவலன் நினைவே வரும். புகாரிலிருந்து பிழைப்புத் தேடி மதுரைக்கு வந்தவன் அவன். நம்மைப் போல் வேற்றூரில் குடிபுகுந்தவன். அவனை அறிந்தவர் அங்கே இலர். பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லை நம்பிய பாண்டியன், காவலரை அழைத்து என்ன ஆணையிட்டான்? கள்வனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வரச் சொன்னான். சிலம்பு அரண்மனைக்கு வந்தது, ஆள் வரவில்லை. ஆளை வரவழைத்து, "அப்பா, நீ யார்? இது உனக்கு எங்ஙனம் கிடைத்தது?" என்று ஒரு வினாடி கேட்டிருந்தால் மதுரை எரிந்திருக்க வேண்டியதில்லை. கண்ணகி அரசவையில் வழக்காடி வென்றதை நாம் பெருமையுடன் மேடைகளில் பேசுகிறோம். அந்த வழக்கு ஒரு பகல் பிந்தி வந்தது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

நம் நாட்டில் இந்த மனுவுக்கு இரண்டு வாயில்கள் உண்டு. அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்படி உயர்நீதிமன்றம் செல்லலாம். 32-ஆம் பிரிவின்படி நேரே உச்சநீதிமன்றமும் செல்லலாம். குடியரசு பிறந்த சில வாரங்களிலேயே இரண்டாம் வாயிலைத் தட்டியவர் பழைய சென்னை மாநிலத்துக் கைதி ஒருவர். மலபாரைச் சேர்ந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன்தான் அவர். 1947 டிசம்பர் முதல் ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு ஆணைகளின் பேரில் அவரைச் சிறையில் வைத்திருந்தார்கள். 1950 மார்ச் 1-ஆம் நாள், புதிதாக வந்த தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் மீண்டும் ஓர் ஆணை தரப்பட்டது. தடுப்புக் காவல் என்பது செய்த குற்றத்துக்குத் தண்டனையன்று. இனிச் செய்யக்கூடும் என்ற ஐயத்தின் பேரில், விசாரணையின்றி அடைத்து வைப்பது. கோபாலன் உச்சநீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தொடுத்தார். 1950 மே 19-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மை நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றனர், கோபாலன் தோற்றார். அத்தோல்வியை மட்டுமே பாடநூல்கள் கூறும்.

ஆனால் அத்தீர்ப்பில் கோபாலனுக்குச் சார்பாக ஒன்று நடந்தது. அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவு, காவலில் வைத்ததற்கான காரணங்களை நீதிமன்றத்தில் வெளியிடுவதையே குற்றமாக்கியிருந்தது. ஏன் அடைத்தார்கள் என்று கைதியிடம் சொல்வார்களாம்; அதை அவன் நீதிபதியிடம் சொல்லக் கூடாதாம்! அந்தப் பிரிவு மட்டும் செல்லாதென்று நீதிபதிகள் ஒருமனதாக அடித்தார்கள். காரணம் காணாமல் கதவைத் திறப்பதா மூடுவதா என்று எவரால் சொல்ல முடியும்?

கால் நூற்றாண்டு கழித்து அந்தப் பிரிவு வேறு உடை உடுத்திக்கொண்டு திரும்பி வந்தது. வந்தபோது அதன் முதற்காட்சிகளுள் ஒன்று நிகழ்ந்த இடம் நம் பெங்களூர்தான்.

1975 ஜூன் 25-ஆம் நாள் இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அப்போது நாடாளுமன்றக் கூட்டுக்குழு ஒன்றன் கூட்டத்துக்காக அடல் பிஹாரி வாஜ்பாயி, எல். கே. அத்வானி, மது தண்டவதே, சியாம் நந்தன் மிஸ்ரா ஆகியோர் இந்நகரில் தங்கியிருந்தனர். மறுநாளே கைது செய்யப்பட்டுச் சேஷாத்திரி சாலைச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எனக்கு அப்போது இருபது வயது. வேலைக்குச் சேர்ந்த புதிது. நான் இருந்த அலுவலகத்துக்கும் அவ்வழக்குக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆயினும் கப்பன் பூங்காவை ஒட்டிய அந்தச் செந்நிற உயர்நீதிமன்றக் கட்டடத்தில் அந்நாட்களில் எங்கு நின்றாலும் பேச்சு இதுவாகவே இருந்தது. அதுவும் தணிந்த குரலில். சிறையிலிருந்து நீதிமன்றத்துக்கு நடந்தே வந்துவிடலாம். அவ்வளவு அருகில் இருந்த நால்வரும் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தனர்.

ஜூலையில் ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்று சொல்வது எங்கள் வட்டார வழக்கு. நகைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. முதற்காவல் ஆணைகள் நீதிமன்றத்தில் நில்லா என்று அரசுக்கே தோன்றியதுபோலும். அவற்றைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டு, விடுதலையான அன்றே புதிய ஆணைகளின்கீழ் மீண்டும் கைது செய்து, ஹரியானாவின் ரோத்தக் சிறைக்குக் கொண்டு சென்றது. ஆளைக் கொணர்க என்று கேட்க இருந்த நீதிமன்றத்திலிருந்து ஆள் இரண்டாயிரம் கிலோமீட்டர் அப்பால் போய்விட்டார். பின்னர் மீண்டும் பெங்களூர்ச் சிறைக்கு வந்து சேர்ந்தனர்.

அரசின் வாதம் மிக எளியது. 1975 ஜூன் 27-இல் குடியரசுத் தலைவர் ஓர் ஆணை பிறப்பித்துவிட்டார். அதன்படி உயிருக்கும் உரிமை வாழ்வுக்கும் பாதுகாப்பளிக்கும் 21-ஆம் பிரிவை நடைமுறைப்படுத்துமாறு எவரும் நீதிமன்றம் செல்ல இயலாது. ஆகவே மனுக்களை விசாரிக்கவே கூடாது என்பதாகும். கர்நாடக உயர்நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. நாட்டின் வேறு பல உயர்நீதிமன்றங்களும் ஏற்கவில்லை. ஆணை சட்டப்படி பிறந்ததா, மனத்தைச் செலுத்திப் பிறப்பிக்கப்பட்டதா என்ற அளவிலேனும் நாங்கள் பார்ப்போம் என்றன. அரசு மேல்முறையீடு சென்றது. ஜபல்பூர் கூடுதல் மாவட்ட நடுவர் எதிர் சிவகாந்த் சுக்லா என்று சட்ட நூல்களில் பெயர் பெற்ற அவ்வழக்கில், பெங்களூர்க் கைதிகளின் வழக்கும் ஒன்றாகச் சேர்ந்தது.

1975 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் முன் வாதம் தொடங்கியது. நீதிபதி எச். ஆர். கன்னா, அட்டர்னி ஜெனரலிடம் ஒரு கேள்வி கேட்டார். 21-ஆம் பிரிவில் உயிரும் அடங்கியுள்ளதே. ஒரு காவல் அதிகாரி தம் சொந்தப் பகையினால் ஒருவனைக் கொன்றுவிட்டால் அப்போதும் நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லையா என்பது அக்கேள்வி. நெருக்கடி நிலை நீடிக்கும் வரை இல்லை என்பதே தம் வாதத்தின் முடிவு என்று விடை வந்தது. அதைக் கேட்ட பின்னும், 1976 ஏப்ரல் 28-ஆம் நாள், ஏ. என். ரே, எம். எச். பெக், ஒய். வி. சந்திரசூட், பி. என். பகவதி ஆகிய நால்வரும் அரசின் பக்கமே தீர்ப்பளித்தனர். காவலின் காரணங்களை நீதிமன்றத்துக்கும் காட்ட வேண்டா என்று மிசாச் சட்டத்தில் சேர்த்திருந்த பிரிவையும் நிலைநிறுத்தினர். 1950-இல் ஒருமனதாக அடிபட்ட எண்ணம் இப்படி மறுபிறவி எடுத்தது. கன்னா ஒருவரே மறுத்தெழுதினார். அடுத்த ஆண்டு தலைமை நீதிபதிப் பதவி முறைப்படி அவருக்கு வந்திருக்க வேண்டும். அது இளையவரான பெக்குக்குச் சென்றது. கன்னா பதவி துறந்தார்.

பின்னாளில் ஷா விசாரணைக் குழு எண்ணிப் பார்த்தபோது, அக்காலத்தில் மிசாவின்கீழ் மட்டும் ஏறத்தாழ 35,000 பேர் அடைபட்டிருந்தது தெரிய வந்தது. சேஷாத்திரி சாலைச் சிறையில் இருந்தவர்களுள் வாஜ்பாயி, தேவே கௌடா ஆகிய இருவர் பிற்காலத்தில் பிரதமராயினர். அதே சிறையில் இருந்த நடிகை சினேகலதா ரெட்டிக்கு அப்படி ஒரு பிற்காலம் வாய்க்கவில்லை. சென்னையில் நாடகக் குழு நிறுவியவர். 'சம்ஸ்காரா' என்னும் கன்னடப் படத்தில் நடித்தவர். ஆஸ்துமா நோயால் சிறையில் துன்புற்று, 1977 ஜனவரியில் வெளியே விடப்பட்டுச் சில நாட்களிலேயே காலமானார். இன்று அச்சிறை சுதந்திரப் பூங்கா. ஞாயிறுகளில் குழந்தைகளை அழைத்துச் செல்லும் நம்மவர், அறைகளின் அளவையும் அவர்களுக்கு ஒருமுறை காட்டுவது நன்று.

கேரளத்து ஈச்சர வாரியரின் வழக்கை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவர் மகன் ராஜன், கோழிக்கோட்டில் பொறியியல் மாணவன். 1976 மார்ச் 1-ஆம் நாள் காவல் துறையினர் பிடித்துச் சென்றனர். தந்தை ஏறாத படியில்லை, எழுதாத கடிதமில்லை. நீதிமன்றக் கதவு மூடியிருந்தது. நெருக்கடி நிலை நீங்கிய 1977 மார்ச் மாதத்திலேயே அவரால் கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தொடுக்க முடிந்தது. ஆளைக் கொணர்க என்று நீதிமன்றம் ஆணையிட்டது. கொணர ஆளில்லை. காவல் முகாமிலேயே அவன் இறந்துபோயிருந்தான். உடலும் கிடைக்கவில்லை. அப்போதைய முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. தந்தைக்கு அதனால் என்ன? அந்த ஓராண்டு மூடிக் கிடந்த கதவின் விலை இன்னதென்று கேட்போருக்கு நான் இவ்வழக்கையே சொல்வேன்.

பின்னர் வந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 1978-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 44-ஆம் திருத்தம், நெருக்கடி நிலையிலும் 21-ஆம் பிரிவின் பாதுகாப்பை நிறுத்தி வைக்க இயலாதென்று விதித்தது. பகவதி 2011-இல் தம் பழைய தீர்ப்புக்காக வருந்தினார். 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனிமனித அந்தரங்க உரிமை பற்றித் தீர்ப்பளித்தபோது, 1976-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவறென்று விலக்கப்பட்டது. அவ்வாறு எழுதியவர் டி. ஒய். சந்திரசூட், 1976-இல் அரசின் பக்கம் நின்ற நீதிபதியின் மைந்தர். வழக்கைத் தொடுத்தவர் கே. எஸ். புட்டசாமி, கர்நாடக உயர்நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற நம் நகரத்து முதியவர். ஆதார் அட்டையை எதிர்த்து 2012-இல் தம் எண்பதுகளில் அவர் நீதிமன்றம் ஏறியபோது, இவருக்கு ஏன் இந்த வயதில் இந்த வேலை என்று எங்கள் அலுவலகங்களில் சிலர் நகைத்ததுண்டு. 2024-இல் அவர் மறைந்தார்.

பெரியோர்தம் வழக்குகள் இவை. வழக்கறிஞர்கள் தாமே முன்வந்து வாதாடினர், செய்தித்தாள்கள் எழுதின. பெயரில்லாதவர்களின் நிலை என்ன? அதற்கு எங்கள் தெருவுக்கு வரவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலையில் ஓர் அம்மையார் என் வீட்டுக்கு வந்தார். தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். ஓசூர்ச் சாலையோரத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தைப்பவர். அவருடைய மூத்த மகனைக் குண்டர் சட்டத்தில் பிடித்து ஐந்து வாரமாகிறது என்றார். மடியில் இருந்த தாள்கட்டை எடுத்து நீட்டினார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள்.

"அண்ணா, நீங்க கோர்ட்டுல இருந்தவருன்னாங்க. இதுல என்னதான் எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க. எம் புள்ள என்ன பண்ணான்னு எனக்கே தெரியல."

"வக்கீல் பார்த்தாரா அம்மா?"

"பார்த்தாரு. பார்த்துட்டு நேரம் ஆவும்னாரு. பையன் கிட்டக் கேட்டேன். அவன், 'ஒருத்தர் படிச்சுச் சொன்னாரு, கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டேம்மா'ங்கறான்."

தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் எண் சட்டத்தையும், கர்நாடகத்தில் 1985-ஆம் ஆண்டு 12-ஆம் எண் சட்டத்தையும் மக்கள் குண்டர் சட்டம் என்றே அழைப்பர். இரண்டிலும் விசாரணையின்றி ஓராண்டு வரை வைத்திருக்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் வைப்பதாயின் நீதிபதித் தகுதி உடையோரைக் கொண்ட அறிவுரைக் குழுவின் இசைவு வேண்டும். அக்குழுவின் முன் வழக்கறிஞரை வைத்து வாதாடும் உரிமை கைதிக்கு இல்லை. ஆக, எஞ்சியிருப்பது உயர்நீதிமன்றத்து ஆட்கொணர்வு மனுவே. அதைக் கைதியே தொடுக்க வேண்டுமென்பதில்லை. தாயோ மனைவியோ நண்பரோ தொடுக்கலாம். நம்மவருள் பலர் இதனை அறியார்.

தாள்களைப் புரட்டினேன். ஆணை கன்னடத்தில், காரணங்கள் கன்னடத்தில், இணைப்புகள் சில ஆங்கிலத்தில். தமிழில் ஒரு வரியும் இல்லை. ஆணை பிறப்பித்த அலுவலகத்தின் பெயர் ஈண்டு வேண்டா. பையன் தன் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். இங்கு வந்து பத்தாண்டுகள் ஆகின்றன. தெருவில் கன்னடம் பேசுவான், நம் அனைவரையும் போல. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. பேருந்துப் பலகையில் எண்ணைப் பார்த்து ஏறுகிறவன்.

பையனைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அவன் அப்பாவி அல்லன். இரண்டு அடிதடி வழக்குகள் அவன்மேல் இருந்தன. அவற்றுள் ஒன்றில் அடிபட்டவர் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர், அவரும் தமிழரே. நான் அந்த அம்மையாருக்கு உதவுவது கேட்டு அவர் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் அடிதடிக்குச் சட்டம் உண்டு, சாட்சி உண்டு, விசாரணை உண்டு. அவ்வழக்குகளில் அவனுக்குப் பிணை கிடைத்துவிட்டது என்பதற்காக, விசாரணையே இல்லாத சட்டத்தில் ஓராண்டு அடைப்பது வேறு.

வழக்கறிஞர் தேர்ந்தவர். தாள்களின் மொழியைப் பார்த்ததுமே பிடித்துக்கொண்டார். இதற்கு அரசியலமைப்பிலேயே வேர் இருக்கிறது. காவலில் வைக்கப்பட்டவனுக்குக் காரணங்களைத் தெரிவித்து, அதை எதிர்த்து முறையிட விரைவில் வாய்ப்பளிக்க வேண்டும் என்று 22-ஆம் பிரிவு கூறுகிறது. தெரிவித்தல் என்றால் என்ன? 1962-இல் ஹரிகிஷன் என்பார் வழக்கில் உச்சநீதிமன்றம் இதற்கு விடை கூறியது. அவருக்குத் தெரிந்தது இந்தி மட்டுமே. ஆணை ஆங்கிலத்தில் இருந்தது. காவல் அதிகாரி ஒருவர் இந்தியில் வாயால் விளக்கினார். அது போதாது, அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தாகவே தந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1980-இல் குஜராத்தி மட்டும் அறிந்த ஒருவர் வழக்கிலும் இவ்வாறே. காவல் அதிகாரி குஜராத்தியில் விளக்கிச் சொன்னார் என்ற விடையை நீதிமன்றம் ஏற்கவில்லை. நூறு பக்கத்தை ஒருவர் ஒருமுறை படித்துச் சொன்னால் எதை நினைவில் வைத்து எதற்கு மறுப்பெழுதுவது?

தாயின் பெயரில் மனுத் தயாராயிற்று. ஓய்வு பெற்ற என் விரல்களுக்கு மீண்டும் வேலை வந்தது. அதனுடன், வழக்கறிஞர் தேவைக்காக, காரணங்கள் முழுவதையும் நானே தமிழில் பெயர்த்துத் தட்டினேன்; பன்னிரண்டு நாள் ஆயிற்று. அரசுத் தரப்பில், பத்தாண்டு இந்நகரில் வாழ்ந்தவனுக்குக் கன்னடம் தெரியாதென்பதை நம்பலாகாது, தமிழறிந்த காவலர் ஒருவர் எல்லாவற்றையும் விளக்கினார், அதற்குக் கையொப்பமும் இருக்கிறது என்றனர். பேசுவது வேறு, படிப்பது வேறு என்று எங்கள் வழக்கறிஞர் கூறினார். பையனின் பள்ளிச் சான்றிதழை ஊரிலிருந்து அவன் தாய்மாமன் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஒரு தாள் இல்லையேல் என்ன ஆகியிருக்குமோ அறியேன். காவல் ஆணை செல்லாதென்று தீர்ப்பாயிற்று. அதற்குள் ஐந்து மாதம் கழிந்திருந்தது.

மொழி ஓட்டையில் நுழைந்து தப்பிவிட்டான் என்றார் மளிகைக் கடைக்காரர். இப்படிக் கூறுவோர் பலர் உளர். எனக்கு அது ஓட்டையாகத் தோன்றவில்லை. தன்மேல் சாட்டப்பட்டது இன்னதென்று படித்தறிய இயலாதவனை நீதிமன்றத்தின் முன் கொண்டு நிறுத்தினாலும், அவன் வாயில்லாமல் நிற்பான். சிலம்பு அவனுடையது என்று அவன் சொல்ல வேண்டுமானால், திருடியதாகச் சொல்லப்படுவது சிலம்பு என்பதாவது அவனுக்குத் தெரிய வேண்டுமல்லவா? மொழிவாரி மாநிலங்களாகப் பிரிந்த நாட்டில், எல்லை தாண்டிப் பிழைக்கப் போன ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும். சென்னையில் கட்டட வேலை செய்யும் பீகார்க்காரருக்கும் பொருந்தும். அங்கே அவருக்குத் தமிழில் ஆணை தந்தால் நாம் என்ன சொல்வோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நம் பிள்ளைகள் பலர் இப்போது அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்குள்ள முறையையும் ஒரு சொல் கூறுதல் தகும். அங்கே மாநிலச் சிறைக் கைதி, கூட்டாட்சி நீதிமன்றத்தில் இந்த மனுவைத் தொடுக்க 1867-ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. நம் நாட்டில் தகுதியுடைய நீதிமன்றம் தண்டித்த பின் இம்மனு பொதுவாகச் செல்லாது, மேல்முறையீடுதான் வழி. அங்கோ, தண்டனை பெற்றவனும் தன் விசாரணையில் அரசியலமைப்பு மீறப்பட்டதென்று இம்மனுவால் கேட்கலாம். ஆனால் முதலில் மாநில நீதிமன்றங்கள் யாவற்றையும் ஏறி இறங்கியிருக்க வேண்டும். 1996-இல் வந்த சட்டமோ ஓராண்டுக் கெடு வைத்துவிட்டது. இரண்டாம் மனுவுக்கும் கடுந்தடை. பெரும்பாலோர் வழக்கறிஞரின்றிச் சிறை அறையில் தாமே எழுதுகின்றனர். கெடுவின் நாட்கணக்கைத் தவறவிட்டால், எவ்வளவு பெரிய நியாயமும் பொதுவாகக் கேட்கப்படாமலே போகும்.

நாட்கணக்கில் நாம் அவ்வளவு கடுமையாக இல்லை. சிறையிலிருந்து வந்த கடிதத்தையே மனுவாக ஏற்ற மரபும் நமக்கு உண்டு. தில்லித் திகார்ச் சிறைக் கைதி சுனில் பத்ரா, பக்கத்துக் கைதி ஒருவர் வதைக்கப்பட்டதைப் பற்றி உச்சநீதிமன்றத்துக்கு எழுதிய கடிதத்தை, நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அமர்வு ஆட்கொணர்வு மனுவாகவே எடுத்துக்கொண்டது. ஆயினும் நம்மிடம் வேறொரு குறை. மனுக்கள் வரிசையில் காத்துக் கிடக்கின்றன. ஓராண்டுக் காவலில் எட்டாம் மாதம் வரும் விடுதலைக்கு என்ன பெயர் வைப்பது? காவல் ஆணை நீக்கப்பட்டாலும், கழிந்த மாதங்களுக்கு எவரும் கணக்குக் கேட்பதில்லை. அந்தப் பையன் வேலை பார்த்த பட்டறையில் அதற்குள் வேறொருவனைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தகைய இடர் எவர் வீட்டுக்கும் வர வேண்டா. வந்தால், தாள்கள் கைக்கு வந்த நாளையும், அவை எம்மொழியில் இருந்தன என்பதையும், கையொப்பத்தின்கீழ் என்ன எழுதியிருந்தது என்பதையும் அன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களை ஊரில் விட்டுவிட்டு வரலாகாது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையெனில் உயர்நீதிமன்றத்திலேயே இலவசச் சட்ட உதவிக் குழு இருக்கிறது.

விடுதலையான பின் ஒரு நாள் அந்த அம்மையார் நான் தட்டிய தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கிச் சென்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஏழாம் வகுப்பில் இருந்த மகள், வேலை முடிந்து தாய் வந்தபின், இரவுதோறும் நாலைந்து பக்கமாகப் படித்துக் காட்டினாளாம். பையன் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பானாம். "இது நடந்ததுதாம்மா" என்று சில இடங்களில் சொன்னான். "இது நான் இல்ல" என்று சில இடங்களில் சொன்னான். மகளைக் கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் பென்சிலால் குறி போடச் செய்திருக்கிறார் அந்தத் தாய். அந்தப் பிரதியை ரேஷன் அட்டையோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார்.